காலக்கண்ணாடி என்னும் மயக்கம்

கலையும் இலக்கியமும் காலத்தின் கண்ணாடி என்னும் கூற்று, ஆய்வு முன்னுரைகளில் மெய்ப்பிக்க வேண்டாத உண்மையாகவே இடம்பெற்று வருகின்றது. ஐரோப்பியப் புரட்சிகளைப் பற்றி எழுதப் புகுவோர் பலரும் இக்கூற்றையே பற்றுக்கோடாகக் கொள்கின்றனர். தெலக்ருவாவின் 'மக்களை வழிநடத்தும் சுதந்திரம்' என்னும் ஓவியம் 1789ஆம் ஆண்டுப் புரட்சியின் சித்திரமாகக் காட்டப்படுவது இதன் விளைவே. அவ்வோவியம், 1830 சூலை 27 முதல் 29 வரை பாரிசில் நிகழ்ந்து பத்தாம் சார்லசை அரியணையிலிருந்து இறக்கிய எழுச்சிக்கு உரியது. நாற்பதாண்டுப் பிழை சிறிதன்று. எனினும், ஆண்டைத் திருத்தி அமைவது மட்டும் போதாது.

தெலக்ருவா தெருத்தடையரண்களில் நின்று போரிட்டவர் அல்லர். உயர்தொப்பி அணிந்தவனும் வாளேந்திய தொழிலாளியும் கைத்துப்பாக்கிகளோடு பாயும் சிறுவனும் ஒரே கொடியின்கீழ் வருவதாக அவர் தீட்டியது, அவர் விரும்பிய ஒற்றுமையை. நடந்ததோ வேறு. லூயி பிலிப் மன்னரானார். ஆட்சி செல்வர் கைக்குச் சென்றது. 1831 நவம்பரில் லியோன் நகரப் பட்டு நெசவாளர் கிளர்ந்தபோது அவர்கள்மீது படை ஏவப்பட்டது. அதே ஆண்டுக் கண்காட்சியில் இடம்பெற்ற இவ்வோவியத்தைப் புதிய அரசு 3,000 பிராங்குக்கு வாங்கியது. விரைவிலேயே மக்கள் பார்வையிலிருந்து அகற்றியது. பின்னர் ஓவியரிடமே திருப்பியளித்தது. லூவர் அருங்காட்சியகத்தை அது அடைந்தது 1874இல்தான். வெறும் கண்ணாடியாயின் அரசு அதற்கு அஞ்சியது ஏன்? (கொடியேந்தி நிற்பவள் பெண், பிரான்சின் பெண்களுக்கோ 1944 வரை வாக்குரிமை இல்லை என்பதும் ஈண்டு கருதத்தக்கது.)

1848 சூனில், தேசியத் தொழிற்கூடங்களை மூடும் முடிவை எதிர்த்துப் பாரிஸ் தொழிலாளர் எழுந்தனர். நான்கே நாளில் ஒடுக்கப்பட்டனர். ஒடுக்கிய தரப்பின் தேசியக் காவற்படையில் அலுவலராக இருந்தவர் மெய்சோனியே என்னும் ஓவியர். அவரது 'தடையரண்' ஓவியத்தில் கொடியில்லை, தலைவியில்லை. பெயர்ந்த கற்களிடையே பிணங்கள் மட்டுமே கிடக்கின்றன. வென்ற அணியைச் சார்ந்தவர் வெற்றியைத் தீட்டவில்லை. அதன் நீர்வண்ண வடிவத்தை அவர் தெலக்ருவாவுக்கே அளித்தார் என்பது கலை வரலாற்றின் நுட்பமான செய்திகளுள் ஒன்று.

அரசியல் எழுத்திலும் இதே நிலைதான். மார்க்ஸ் சூன் எழுச்சியை வர்க்கங்களின் மோதலாகக் கண்டார். சட்டமன்றத்திலிருந்து அவ்வெழுச்சியை எதிர்த்த தொக்வில்லும் அவ்வாறே கண்டார். எதிரெதிர் அணியினர் ஒன்றே உரைப்பதால் எழுத்து காலத்தைப் பிரதிபலிப்பது உறுதியாயிற்று என்பர் சிலர். இது மேலோட்டமான முடிவு. மார்க்ஸ், 'பிரான்சில் வர்க்கப் போராட்டங்கள்' என்னும் தொடரை 1850இலேயே அச்சேற்றினார். தோற்றவர்கள் மீண்டும் எழுதற்கு வேண்டிய கருவியாகவே அதனைக் கருதினார். தொக்வில் 1850-51இல் எழுதிய 'நினைவுக்குறிப்புகள்' அவர் மறைந்து முப்பதாண்டுகளுக்கு மேல் கழிந்து 1893இல் வெளிவந்தது. கண்ட பொருள் ஒன்றாயினும் எழுத்துகள் செய்த வினை ஒன்றன்று. ஒருவர் உடனே வெளியிட்டதற்கும் மற்றவர் தம் வாழ்நாள் முழுதும் மறைத்து வைத்ததற்கும் கண்ணாடிக் கோட்பாட்டில் விடையில்லை.