நாற்காலி கொடுத்தோம், தண்ணீர் கொடுத்தோமா?

வியாபாரிகளாகிய நமக்கு முதல் எது, வருமானம் எது என்று யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. வருமானத்தில் செலவு செய்பவனின் கடை நிலைக்கும். முதலில் கை வைப்பவனின் கடை ஒரு நாள் பூட்டப்படும். யாழ்ப்பாணத்தின் தண்ணீர்க் கணக்கும் இதுதான். இந்த வாரம் அந்தக் கணக்கைப் பற்றியும், அதில் நான் எழுத மறந்த ஒரு செலவைப் பற்றியும் சொல்ல விரும்புகிறேன்.

குடாநாட்டில் வருடம் முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை பெய்யும் மாரி மழைதான் நமது பெரிய வரவு. அது சுண்ணாம்புக் கல்லுக்குள் இறங்கி, அடியில் உள்ள உப்பு நீருக்கு மேலே மிதந்து நிற்கிறது. கிணற்றில் அள்ளுவது அதைத்தான். விஷயம் தெரிந்தவர்கள் ஒரு கணக்குச் சொல்வார்கள். கடல் மட்டத்துக்கு மேலே ஓர் அடி நல்ல தண்ணீர் நின்றால், கீழே ஏறத்தாழ 40 அடி நல்ல தண்ணீர் இருக்குமாம். மேலே அந்த ஓர் அடி போய்விட்டால் கீழேயிருந்து உப்பு அந்த அளவுக்கு ஏறி வரும். துலாவால் இறைத்த காலத்தில் கை களைத்ததும் இறைப்பும் நின்றது. மெசின் களைப்பதில்லை.

இருக்கிற நல்ல தண்ணீரையும் நாம் சும்மா விடவில்லை. தோட்டத்துப் பசளை ஒரு பக்கம். நெருக்கமான வளவுகளில் கிணற்றுக்குப் பக்கத்திலேயே தோண்டிய மலசலகூடக் குழிகள் மறுபக்கம். சுன்னாகத்தில் மின் நிலையக் கழிவு எண்ணெய் கிணறுகளில் கலந்த வழக்கில், 2019ஆம் ஆண்டு உயர் நீதிமன்றம் 2 கோடி ரூபா நட்டஈடு கட்டும்படி தீர்ப்பளித்தது. தீர்ப்பு நல்லதுதான். ஆனால் கெட்ட கிணற்றைக் காசு கொடுத்து உடனே நல்லதாக்க முடியாது.

2024 ஓகஸ்ட் மாதம் தாளையடியில் கடல் நீரை நன்னீராக்கும் நிலையம் திறக்கப்பட்டது. நாளொன்றுக்கு 24,000 கனமீற்றர் கொள்ளளவு கொண்டது. பெரிய உதவிதான், மறுக்கவில்லை. ஆனாலும் கடல் நீரில் உப்பைப் பிரிக்க நிறைய மின்சாரம் வேண்டும். வானத்திலிருந்து இலவசமாக வருவதைத் தெருவில் ஓடவிட்டுவிட்டு, கடலிலிருந்து காசு கொடுத்து எடுப்பது எந்த வியாபாரிக்கும் அழகல்ல.

நான் தண்ணீர்த் தாங்கி, பைப், மோட்டர் விற்பவன். வரட்சி வந்தால் என் கல்லாப்பெட்டி நிறையும் என்பதை ஒளிக்கத் தேவையில்லை. ஆனால் 1990 ஒக்டோபர் கடைசியில் சோனகதெருவிலிருந்து வெளியேற்றப்பட்டு, புத்தளத்தில் ஓலைக் கொட்டிலில் இருந்தபோது எனக்கு இருபது வயது. ஒரு கான் தண்ணீருக்கு உம்மா வரிசையில் நின்றதைப் பார்த்தவன் நான். இருந்தும், மறுபடி யாழ்ப்பாணம் வந்து கடை போட்ட பிறகு அதை மறந்துவிட்டேன் என்றுதான் சொல்ல வேண்டும்.

போன வருடம் ஒரு தாய் கடைக்கு வந்தார். "முதலாளி, நிலத்திலிருந்து இரண்டடி உயரத்தில பைப் பூட்டக்கூடிய சின்னத் தாங்கி ஒன்று இருக்கா?" என்று கேட்டார். "எதுக்குத் தங்கச்சி?" என்றேன். பாடசாலைக்குக் கொடுக்க என்றார். மகளுக்குப் பதினொரு வயது. நடக்க முடியாது. சக்கர நாற்காலியில்தான் பாடசாலை போகிறாள். கெட்டிக்காரப் பிள்ளை. ஆனால் காலையில் எழும்பியதிலிருந்து வீடு திரும்பும்வரை ஒரு மிடறு தண்ணீர் குடிக்க மாட்டாளாம். குடித்தால் மலசலகூடம் போக வேண்டும். அங்கே படி இருக்கிறது, தண்ணீர் இல்லை. அப்படியே அடக்கி அடக்கிச் சிறுநீர்ப் பாதையில் கிருமி பிடித்து, ஒரு தவணையில் பாதி நாள் பாடசாலைக்குப் போகவில்லை.

பாடசாலையின் பெயரைக் கேட்டதும் எனக்கு வாய் அடைத்துப்போனது. இரண்டு வருடத்துக்கு முன்பு நாங்கள் சில வியாபாரிகள் சேர்ந்து அங்கே சக்கர நாற்காலிகள் கொடுத்திருந்தோம். மாலை போட்டார்கள். படம் எடுத்தோம். அந்தப் படம் இன்றும் என் கடைச் சுவரில் தொங்குகிறது. மலசலகூடத்தை எட்டிப் பார்க்க எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மறுநாள் போய்ப் பார்த்தேன். கிணறு உவர். பவுசரில் வரும் தண்ணீர் குடிக்கவே காணாது. அதனால் மலசலகூடங்களில் பாதியைப் பூட்டி வைத்திருந்தார்கள். தண்ணீர்த் தட்டுப்பாடு எல்லாப் பிள்ளைக்கும் கஷ்டம்தான். மற்றப் பிள்ளைகள் பக்கத்து வளவுக்கு ஓடிப்போய் வருவார்கள். ஓட முடியாத பிள்ளைதான் வீட்டில் நிற்கும்.

இனிக் கணக்குக்கு வருவோம். 1,000 சதுர அடிக் கூரையில் ஓர் அங்குல மழை பெய்தால் ஏறத்தாழ 2,300 லீற்றர் விழும். வழியில் போகும் சேதத்தைக் கழித்தாலும், இரண்டு மூன்று நல்ல மழைக்கு 5,000 லீற்றர் தாங்கி நிரம்பிவிடும். நடக்க இயலாத ஒரு பிள்ளைக்கென ஒரு மலசலகூடத்தை ஒதுக்கினால் நாளுக்கு 20 லீற்றர் போதும். மாதம் 20 பாடசாலை நாள் என்றால் 400 லீற்றர். 5,000 லீற்றர் தாங்கி பன்னிரண்டு மாதத்துக்குக் காணும். பீலியும் தாங்கியும் எட்டும் உயரத்தில் ஒரு பைப்பும் சேர்த்தால் வரும் செலவு, நாங்கள் நாற்காலி கொடுத்த விழாவுக்கு ஆன செலவை விடக் குறைவு. கூட்டிப் பார்த்துத்தான் சொல்கிறேன்.

"இது அரசாங்கத்தின் வேலை அல்லவா?" என்று சில சகோதரர்கள் கேட்பார்கள். உண்மைதான். வலது குறைந்தோரின் உரிமைகளுக்கான சட்டம் 1996இல் வந்தது. பொதுக் கட்டிடங்களில் அவர்கள் புழங்க வசதி வேண்டும் என்ற ஒழுங்குவிதி 2006இல் வந்தது. மழைநீர் சேகரிப்புக்கான தேசியக் கொள்கை 2005இல் வந்தது. கடதாசியில் எல்லாம் இருக்கிறது. அரசாங்கத்தைக் கேட்க வேண்டும், கேட்டுக்கொண்டே இருக்க வேண்டும். ஆனால் ஐந்தாம் வகுப்புப் பிள்ளை கடதாசி நடைமுறைக்கு வரும்வரை ஐந்தாம் வகுப்பிலேயே காத்திருக்க முடியாது.

ஆகவே நமது வியாபாரிகளிடம் மூன்று விஷயங்களைக் கேட்கிறேன்.

முதலாவது, நமது கடைக் கூரையிலும் பள்ளிவாசல் கூரையிலும் விழும் மழையைச் சேமிப்போம். முதல் மழை கூரையைக் கழுவட்டும், அதை விட்டுவிட்டு அடுத்ததைப் பிடிப்போம். மிஞ்சுவதை வடிகாலுக்குள் விடாமல் நிலத்துக்குள் இறக்குவோம். முதலுக்கு முதல் சேரும்.

இரண்டாவது, கைதடி நவீல்ட் பாடசாலை, சுன்னாகம் வாழ்வகம் போன்ற இடங்களுக்கு விசேட நாட்களில் ஒரு நேரச் சாப்பாடு கொடுப்பது நம் ஊர் வழக்கம். நல்ல வழக்கம், விட வேண்டாம். அதோடு, "உங்களுக்கு மாதாமாதம் எது முட்டுப்படுகிறது?" என்றும் ஒரு வார்த்தை கேட்போம். தண்ணீர்க் கட்டணமாக இருக்கலாம், பிரெய்ல் தாளாக இருக்கலாம், பிள்ளையை ஏற்றி இறக்கும் ஓட்டோக் காசாக இருக்கலாம். அதை மாதச் செலவாகவே கணக்கில் எழுதுவோம். கல்வி ஒரு நாள் விருந்தால் வருவதல்ல.

மூன்றாவது, எதைக் கட்டிக் கொடுத்தாலும் முதலில் அந்தப் பிள்ளையை அங்கே கொண்டுபோய்க் கை எட்டுகிறதா என்று பார்ப்போம். உடுப்பு தைப்பவர் அளவு எடுக்காமல் துணி வெட்டுவதில்லை.

அந்தத் தாய்க்குத் தாங்கியைக் கொடுத்தேன், காசு வாங்கவில்லை. அவர் வற்புறுத்திப் பைப்புக்கு மட்டும் காசு வைத்துவிட்டுப் போனார். படியை உடைத்துச் சாய்வாக்கும் வேலையை எங்கள் பழைய குழுவே செய்தது. இம்முறை விழா வைக்கவில்லை. பிள்ளை இப்போது போத்தலில் தண்ணீர் கொண்டு பாடசாலை போகிறாள் என்று தாய் சொன்னார்.

சுவரில் தொங்கும் படத்தை நான் கழற்றவில்லை. அடுத்த முறை யாருக்காவது எதையாவது கொடுக்கப் போகும்போது, முதலில் மலசலகூடக் கதவைத் திறந்து பார்க்க வேண்டும் என்பதை அது எனக்கு ஞாபகப்படுத்தட்டும்.