வரையப்படாத சம்பூகன்

"அண்ணா, அந்த ஜப்பான் ராமாயணம் போடுங்க" என்று கேட்டார்கள், புதுப்பட்டினத்தில் நான் நடத்தும் மாலை வகுப்புப் பிள்ளைகள். 2025 ஜனவரி 24 அன்று தமிழிலும் வெளியான 'ராமாயணா: தி லெஜண்ட் ஆஃப் பிரின்ஸ் ராமா' படத்தைத்தான் சொல்கிறார்கள். கூடாது என்றார்கள் தோழர்கள் சிலர். எனக்கு அப்படிச் சொல்ல வாய் வரவில்லை. சின்ன வயதில் அது டிவியில் வந்தபோது, கல்பாக்கத்தில் வேலை பார்த்த ஒருவர் வீட்டு ஜன்னலில் தொங்கிக்கொண்டு பார்த்தவன் நான். எங்கள் காலனியில் அவர் வீட்டில் மட்டும்தான் கேபிள். கும்பகர்ணன் எழுந்து வரும் காட்சி இன்றும் கண்ணில் நிற்கிறது.

அழகான படம். அதை மறுப்பது நேர்மையாகாது. யூகோ சாகோவும் நம்மூர் ராம் மோகனும் கோய்ச்சி சசாகியும் இயக்க, சுமார் 450 கலைஞர்கள் உழைத்த கையோவியம். ஆனால் 1983இல் பேச்சு கிளம்பியபோதே, அந்நியர் எப்படி ராமாயணத்தைப் படமாக்கலாம் என்று விஸ்வ ஹிந்து பரிஷத் ஜப்பான் தூதரகத்துக்குக் கண்டனம் அனுப்பியது. இந்திய அரசும் கூட்டுத் தயாரிப்புக்கு இசையவில்லை. 1993 ஜனவரியில் டெல்லி திரைப்பட விழாவில் திரையிடப்பட்டபோது பாபர் மசூதியை இடித்து ஒரு மாதம்தான் ஆகியிருந்தது. அயோத்தியில் கோயில் திறந்த மறு ஆண்டு, அன்றைய அந்நியச் சரக்கு தேசப் பெருமையாகிவிட்டது!

படம் ராமன் வெற்றியோடு திரும்புவதில் முடிகிறது. உத்தரகாண்டம் கிடையாது. பார்ப்பனச் சிறுவன் ஒருவன் இறந்ததற்குச் சூத்திரன் தவம் செய்வதே காரணம் என்று சொல்லப்பட, ராமன் தேடிப்போய்ச் சம்பூகனின் தலையை வெட்டுவது அங்கேதான் வருகிறது. அது இடைச்செருகல் என்பார்கள். இருக்கட்டும், செருகியவனுக்கு அது ஏன் தேவைப்பட்டது? அம்பேத்கர் 1936இல் 'சாதி ஒழிப்பு' நூலில் இதை எடுத்துப் பேசும்போது ராமனைக் கொடியவன் என்று திட்டவில்லை. தண்டனை இல்லாமல் நால்வருணம் நிற்காது, அதைக் காக்கும் அரசன் கொன்றுதான் ஆகவேண்டும் என்கிறார். அந்தக் கனிந்த கண்களுள்ள இளவரசனைப் பார்க்கும்போது எனக்கு இதுதான் உறைக்கிறது. நல்லவனாக இருந்தும் வாளை எடுக்கவேண்டியிருக்கிறது.

படத்தைப் போட்டேன். கும்பகர்ணனுக்குக் கைதட்டல். முடிந்ததும் சம்பூகன் கதையைச் சொன்னேன்.

"தவம்னா படிக்கிற மாதிரியாண்ணா?" என்று கேட்டாள் எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி. கிட்டத்தட்ட அப்படித்தான் என்றேன். "அவர் எப்படி இருப்பாரு?" தெரியாதும்மா, நீயே வரைந்து வா என்றேன். இப்போது எல்லோரும் வரைகிறார்களாம். கலர் பென்சில் வாங்கவேண்டும்.