எடைக்கு எடை இரும்பா?

எங்கள் பள்ளியின் பின்புறக் கொட்டகையில் மாசி பெர்குசன் 35 டிராக்டர் ஒன்று நிற்கிறது. தோட்டம் கைமாறியபோது அன்றைய நிருவாகம் பெற்றோர் ஆசிரியர் சங்கத்திடம் ஒப்படைத்துச் சென்ற சொத்து அது. சென்ற மாதம் பழைய இரும்பு வாங்குபவர் வந்தார், சுற்றிப் பார்த்தார், கிலோவுக்கு இவ்வளவு என்றார். அன்று முதல் சங்கம் இரு கட்சியாயிற்று. எனக்கோ இரு கட்சியோடும் வழக்கு உண்டு.

ஓடாத வண்டி இடத்தை அடைப்பானேன், விற்றுக் கணினி வாங்கலாமே என்பது முதற்கட்சி. ஓடாது என்று முடிவு கட்டியவர் யார்? அதன் புகைக்குழாய் மேல்நோக்கி நிமிர்ந்தது. அக்காலத்து ஓட்டுநர் வேலை முடிந்ததும் அதன் வாயில் வெற்றுப் பால் டின் ஒன்றைக் கவிழ்த்துவிட்டே வீடு திரும்புவார். அவர் போனார்; டின்னும் போயிற்று. மழைநீர் குழாய் வழியே இறங்கிப் பிஸ்டனைச் சிலிண்டரோடு பற்றவைத்துவிட்டது. இது நோயேயன்றிச் சாவன்று. எண்ணெய் ஊற்றி நாட்கணக்கில் ஊறவிட்டு மெல்ல அசைத்துப் பார்ப்பதும், அசையாவிடில் பிரித்து லைனரும் பிஸ்டனும் மாற்றுவதும் பட்டறைக்காரர் அறிந்த வேலைதான். மூன்று சிலிண்டர் பெர்க்கின்ஸ் டீசல் எஞ்சின் காணக்கிடைக்காத பொருளுமன்று. 1960இல் சென்னையில் தோன்றிய டாஃபே நிறுவனம் மாசி பெர்குசன் வழிவந்த டிராக்டர்களைச் செய்தே வளர்ந்தது. உதிரிப்பாகங்கள் இன்றும் கிடைக்கின்றன. மருத்துவனை அழைக்குமுன் வெட்டியானை அழைத்த கதையாக அல்லவா நாம் நடந்துகொண்டோம்!

ஐம்பதுகளில் தோட்டங்கள் துண்டாடி விற்கப்பட்டபோது நம் பெற்றோர் பட்ட பாட்டை மறந்தோமா? அத்துண்டாடலைத் தடுக்கவே 1960இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைக் கண்டார். பால்வெட்டும் கைகள் சிறுகச் சிறுகச் சேர்த்த காசு அதற்கு முதலாயிற்று. அவர்களுடைய பேரப்பிள்ளைகள் நாம், ஒன்றரை டன் இரும்பு என்று தராசைத் தேடுகிறோம்.

இனி, விற்கவே கூடாது என்னும் மறுகட்சி. வண்ணம் பூசிப் பள்ளி வாயிலில் நிறுத்தி, பொங்கலுக்கு மாலை சூட்ட வேண்டுமாம். எனக்கும் நெஞ்சம் உண்டு. அவ்வண்டியின் டிரெய்லரில் நின்றபடியே ஆறாண்டுகள் பள்ளி சென்றவன் நான். மழை வந்தால் லயத்துப் பிள்ளைகள் அனைவரும் ஒரே தார்ப்பாயைத் தலைக்குமேல் பிடித்துக்கொள்வோம். செம்பனைக் குலையின் பிசுக்கு வெள்ளைச் சட்டையில் ஒட்டும். ஆசிரியரிடம் அடி விழும். ஆனால் இதே வண்டி மேட்டுச் சரிவில் கவிழ்ந்து ஒரு தொழிலாளி காலை இழந்ததும் வரலாறுதானே? கவிழ்ந்தால் ஓட்டுநரைக் காக்கும் இரும்புச் சட்டம் அதற்கு இல்லை. வண்ணம் பூசுவோர் அதையும் பலகையில் எழுதுவார்களா? மேலே சிவப்புச் சாயம், உள்ளே துரு என்றால், இரும்புக்காரர் ஒரே நாளில் செய்வதை நாம் இருபது ஆண்டுகளில் செய்கிறோம், அவ்வளவே. கூட்டத்தில் பாரம்பரியம் பேசியவர் பதினொருவர்; நன்கொடைத் தாளில் தொகை எழுதியவர் இருவர்!

என் முடிவைக் கூறிவிடுகிறேன். பட்டறைக்காரரை அழைத்துச் செலவுக் கணக்கை எழுத்தில் பெறுவோம். தீபாவளிக்குள் அத்தொகை சேருமாயின் பழுது பார்ப்போம். எஞ்சினைப் பிரிக்கும் நாளில் ஐந்தாம் ஆறாம் ஆண்டு மாணவர் சுற்றி நின்று பார்க்கட்டும். சேராவிடில், ஓட்டத் தெரிந்த ஒருவருக்கு முழு வண்டியாக விற்போம். அத்தகையோர் நாட்டில் உளர்; அவர்கள் எண் தகட்டைப் பார்த்து விலை பேசுவார்களே தவிரத் தராசு கொண்டு வரமாட்டார்கள். அப்பணத்தில் கணினி வாங்கினால் எனக்கு மறுப்பில்லை.

என் பங்கு ஐந்நூறு வெள்ளியைச் செயலாளரிடம் செலுத்தி இரசீதும் பெற்றுவிட்டேன். புகைக்குழாயின் மேல் பால் டின் ஒன்றையும் நேற்று மாலையே கவிழ்த்து வைத்தேன்.