சோறு தின்னும் கிளி

கிளி வளர்க்கும் நம்மவர் வீடுகளில் ஒரு வழக்கம் உண்டு. அடுப்படியில் எது ஆகிறதோ அதில் ஒரு பிடி கூட்டுக்குள்ளும் போகும். காலையில் தேநீரில் தோய்த்த பிஸ்கற், மத்தியானம் சோறும் பருப்பும், பின்னேரம் கச்சான். விருந்தினர் வந்தால் அவர் கொண்டுவந்த கேக்கிலும் ஒரு துண்டு. இதை யாரும் கொடுமை என்று சொல்லமாட்டார்கள். பிள்ளைக்குக் கொடுப்பதையே கிளிக்கும் கொடுக்கிறோம், இதற்குமேல் என்ன அன்பு வேண்டும் என்றுதான் கேட்பார்கள். அந்த அன்பின் மீதுதான் எனக்கு வழக்கு. வன்னியில் நான் பார்த்த கூட்டுக்கிளிகளிற் பல வயிறு நிறையத் தின்றபடியே ஊட்டமின்றி இறந்துபோயின. ஒருநாள் காலையில் கூட்டின் அடியில் கிடக்கும். "காத்துப் பட்டிட்டுது" என்று சொல்லி வாழையடியில் புதைத்துவிடுவார்கள். விசாரணை அத்தோடு முடிந்துவிடும்.

நல்ல உணவும் பராமரிப்பும் கிடைத்தால் நமது பச்சைக்கிளி, அதாவது ஆணின் கழுத்தில் வளையமிட்ட அந்தச் சாதாரணக் கிளி, 20 ஆண்டுகளுக்கு மேலும் வாழக்கூடியது. நம் வீடுகளில் நாலைந்து ஆண்டு இருந்தாலே "கனகாலம் இருந்தது" என்கிறோம்.

முள்ளியவளையில் என் பெறாமகள் வீட்டிலும் ஒரு கிளி இருக்கிறது. செல்வீச்சில் வட்டு இழந்து மொட்டையாய் நின்ற பனைகள் அப்பகுதியில் பல இருந்தன. மனிதருக்குப் பயன்படாத அந்த மரங்கள் கிளிகளுக்கு வீடாயின; உக்கிய உச்சியிலும் பொந்துகளிலும் அவை முட்டையிட்டன. சென்ற ஆண்டு அப்படியொரு பனை காற்றில் சாய்ந்தபோது செட்டை முளைக்காத இரண்டு குஞ்சுகள் கிடந்தன. ஒன்று அன்றிரவே செத்தது. மற்றதைப் பெறாமகளின் மகன், பத்து வயதுப் பையன், தூக்கி வந்து அஞ்சுகம் என்று பெயரிட்டு வளர்த்தான். நான் போய்ப் பார்த்தபோது அதற்கு ஏழெட்டு மாதம். நன்றாகத்தான் கத்தியது. ஆனால் செட்டையில் பச்சை மங்கியிருந்தது, அடிக்கடி தும்மியது, வாயைத் திறந்தபோது உள்ளே வெண்ணிறமாய் ஏதோ தடித்திருந்தது. உணவு என்ன என்று கேட்டேன். மேலே சொன்ன பட்டியல் ஒன்றுவிடாமல் வந்தது.

"காட்டுக்கிளியும் வயலில் விழுந்து நெல்லுத்தானே தின்னுது, வீட்டில் சோறு தின்றால் என்ன" என்று பெறாமகளின் மாமியார் கேட்டார். நியாயமான கேள்வி. பத்திரிகையில் கிளி செய்தியாவதே காலபோக வயலில் கூட்டமாக விழும்போதுதான். ஆனால் கிளி தின்பது நெல்லை. உமியை மட்டும் சொண்டால் நீக்கிவிட்டுத் தவிட்டோடு கூடிய மணியைத் தின்கிறது. நாம் கொடுப்பதோ தவிடு நீக்கித் தீட்டி, அவித்து, கஞ்சி வடித்த அரிசியை. இந்த வேறுபாடு சிறியதன்று. உலகம் விற்றமின் என்ற ஒன்றை அறிந்துகொண்ட கதையே இதிலிருந்துதான் தொடங்குகிறது. அதிலும் பறவைகள்தான் பாத்திரங்கள்.

1890களில், இன்று ஜகார்த்தா எனப்படும் பத்தாவியாவில், கிறிஸ்தியான் எய்க்மன் என்ற ஒல்லாந்து வைத்தியர் பெரிபெரி நோயை ஆராய்ந்துகொண்டிருந்தார். (அப்பெயர் 'முடியாது' என்று பொருள்படும் சிங்களச் சொல்லிலிருந்து பிறந்தது என்பர்.) அவருடைய கோழிகள் கால் தளர்ந்து விழுந்தன. பிறகு காரணம் தெரியாமலே குணமாயின. விசாரித்தபோது விடயம் வெளிவந்தது. இராணுவ வைத்தியசாலைச் சமையலறையில் மிஞ்சிய தீட்டல் அரிசிச் சோறுதான் கோழிகளுக்குப் போடப்பட்டு வந்தது. புதிதாக வந்த சமையற்காரர், இராணுவத்தின் சோற்றைச் சிவில் கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட, கோழிகளுக்குத் தவிட்டோடு கூடிய மலிவு அரிசி கிடைத்தது. அவை எழுந்து நடந்தன! நிர்வாகப் பிடிவாதம் ஒன்று மனிதகுலத்துக்கு நன்மை செய்த சம்பவங்கள் மிகக் குறைவு. இது அவற்றில் ஒன்று. தவிட்டில் இருந்த அந்தப் பொருளே பின்னர் விற்றமின் பி1 என அறியப்பட்டது. 1929இல் எய்க்மனுக்கு நோபல் பரிசு கிடைத்தது.

அஞ்சுகத்தின் வாயில் கண்டது வேறொரு குறை என்பது என் ஊகம். விற்றமின் ஏ போதாதபோது பறவையின் வாய், மூக்கு, மூச்சுக்குழாய் ஆகியவற்றின் மென்படலம் தடித்துக் கரடாகிறது. வெண்தடிப்புகள் தோன்றுகின்றன, தும்மல் வருகிறது, பிறகு கிருமி எளிதாக உள்ளே புகுகிறது. நாம் 'காத்து' என்று சொல்வதிற் பெரும்பகுதி இதுவாக இருக்கலாம். சோற்றிலும் பிஸ்கற்றிலும் கச்சானிலும் விற்றமின் ஏ இல்லையென்றே சொல்லலாம். கல்சியமும் அப்படித்தான். கச்சானிலும், சற்று வசதியானவர்கள் கடையில் வாங்கிப் போடும் சூரியகாந்தி விதையிலும் கொழுப்பு மிகுதி. அதையே நாள்தோறும் தின்றால் ஈரலில் கொழுப்புப் படிகிறது. பூஞ்சணம் பிடித்த கச்சான் அதைவிட மோசம். 1960இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்துக்கு மேற்பட்ட வான்கோழிகள் மாண்டதற்குக் கச்சான் பிண்ணாக்கில் இருந்த பூஞ்சண நஞ்சே காரணம் என்று கண்டுபிடித்தார்கள். எனவே சோற்றை நிறுத்திவிட்டு விதைப் பைக்கற் வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்று எண்ண வேண்டாம்.

தேநீரைப் பற்றி ஒரு வார்த்தை. அதிலுள்ள கஃபீன் பறவையின் சிறிய இதயத்தைத் தாறுமாறாக ஓடவைக்கும். பாலிலுள்ள சர்க்கரையைச் செரிக்கும் வல்லமை பறவைக்கு இல்லை. 60 கிலோ எடையுள்ள ஒருவருக்கும் 120 கிராம் கிளிக்கும் இடையே 500 மடங்கு வேறுபாடு. அது தின்னும் ஒரு பிஸ்கற்றை நம் எடைக்குக் கணக்கிட்டுப் பாருங்கள். கறியில் உள்ள உப்புக்கும் அதே கணக்குத்தான். சொக்கிளேற்றும் அவகாடோவும் கிளிக்கு நேரடியான நஞ்சு, வெங்காயமும் ஆகாது.

சரி, எதைக் கொடுப்பது? வெளிநாட்டுப் பறவை வைத்தியர்கள் சத்துகளை அளந்து சேர்த்துச் செய்த உருண்டைத் தீனியைச் சிபாரிசு செய்வார்கள். இலண்டனிலோ ரொறன்ரோவிலோ இருப்பவருக்கு அது பொருந்தும். முள்ளியவளைக் கடைத்தெருவில் அதைத் தேடிப் பயனில்லை. கிளிக்கு நோயென்றால் காட்டுவதற்கும் ஆளில்லை. அரச கால்நடை வைத்தியர் மாடு, ஆடு, கோழிக்கே போதாமல் ஓடுகிறார். நாட்டில் உள்ள ஒரே மிருக வைத்திய பீடம் கண்டிக்கு அருகே பேராதனையில் இருக்கிறது. ஆகவே, நோய் வராமல் உணவைத் திருத்துவது ஒன்றே அங்குள்ளவர்களுக்கு நடைமுறையான வைத்தியம்.

அதற்கு வேண்டியது வளவிலேயே இருக்கிறது என்பதுதான் என் வாதத்தின் மையம். வேலியில் முருங்கை நிற்கிறது. அதன் இலையில் விற்றமின் ஏ ஆகக்கூடிய பொருளும் கல்சியமும் நிறைய. பப்பாசி இருக்கிறது, பூசணி இருக்கிறது, வேலியிலே கொவ்வை படர்ந்திருக்கிறது. கிளிச் சொண்டுக்குக் கொவ்வைப்பழத்தை உவமை சொல்லிச் சொல்லியே பழகிய நாம் அந்தப் பழத்தைக் கிளிக்குக் கொடுக்க மறந்துவிட்டோம். முளைவிட்ட பயறு புரதத்துக்கு நல்லது. குரக்கனிலும் கல்சியம் உண்டு. பாலைப்பழமும் வீரையும் முரளியும் பழுக்கும் காலத்தில் காட்டுக்கிளி அவற்றைத்தான் நாடிப் போகிறது.

மிளகாய் விடயத்தில் நம் முன்னோர் சரியாகவே நடந்திருக்கிறார்கள். கிளிக்குப் பழுத்த மிளகாய் கொடுப்பதைக் கண்டு வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளைகள் முகஞ்சுளிப்பார்கள். காரத்தை உணர்த்தும் உணரி பறவைகளிலும் உண்டு. ஆனால் அது மிளகாய்க் காரத்துக்கு அசைவதில்லை. டேவிட் ஜூலியஸ் குழுவினர் 2002இல் இதை மூலக்கூறு அளவில் விளக்கினார்கள். அவருக்கு 2021இல் நோபல் பரிசு கிடைத்தது. அஞ்சுகத்தின் பழைய உணவில் உருப்படியான பொருள் அந்த மிளகாய் ஒன்றுதான்.

இனிக் கணவாய் ஓடு. பறவைக்குக் கல்சியம் தரவென்று ஐரோப்பியக் கடைகளில் அழகான அட்டையில் கட்டி விற்கிறார்களே, அதே பொருள் முல்லைத்தீவுக் கரையில் கால்பட்டு நொறுங்கிக் கிடக்கிறது. சில மைல் தூரம். பொறுக்கி வந்து நன்னீரில் ஊறவைத்துக் கழுவி, அவித்து, வெயிலில் காயவிட்டுக் கூட்டில் கட்டினால் போதும்.

ஆனால் எதைக் கொடுப்பது என்பது எளிய பாதி. எப்படி மாற்றுவது என்பதில்தான் கிளிகள் செத்துப்போகின்றன. குஞ்சுப் பருவத்தில் எதை உணவென்று கண்டதோ அதை மட்டுமே கிளி உணவென்று அறியும். முன்னே கிண்ணம் நிறையப் பப்பாசி இருக்க, அது பட்டினி கிடந்தே இறந்துவிடக்கூடும். "பசித்தால் தானாகத் தின்னும்" என்பது மாட்டுக்குப் பொருந்தலாம். இத்தனை சிறிய உடம்பில் சேமிப்பு இல்லை. இரண்டு நாட் பட்டினியே அதற்குப் பேராபத்து.

ஆகவே தராசு இல்லாமல் தொடங்கக்கூடாது என்றேன். கேக் செய்து விற்கும் அயல்வீட்டுப் பெண்ணின் இலத்திரனியல் தராசு இரவலாக வந்தது. முதல்நாட் காலையில், உணவுக்கு முன், அஞ்சுகம் 118 கிராம். பத்தில் ஒரு பங்கு குறைந்தால், அதாவது 106க்குக் கிட்ட வந்தால், உடனே பழைய உணவுக்குத் திரும்புவது என்று பேசிக்கொண்டோம். தேநீரும் பிஸ்கற்றும் மட்டும் அன்றே நின்றன. சோறு நிற்கவில்லை. அதே சோற்றில் முருங்கையிலையை மிக நுணுக்கமாக அரிந்து பிசைந்தோம். முதல் நாலு நாளும் அது இலையைப் பொறுக்கி எறிந்தது. மாமியாருக்குப் பொறுக்கவில்லை. "இலையும் தழையுமோ குடுக்கிறது? அது என்ன ஆடே?" என்றார்.

கிளி கூட்டமாகத் தின்னும் பறவை. தன் கூட்டத்தில் ஒருவர் தின்றால் அது உணவு. இங்கே அதன் கூட்டம் அந்தப் பையன்தான். நான் சொன்னபடி அவன் கூட்டின் முன்னே அமர்ந்து, பப்பாசித் துண்டைச் சப்புக்கொட்டித் தின்றுவிட்டுக் கிளிக்குக் கொடுக்காமல் எழுந்து போனான். இரண்டாம் நாள் அது கம்பிக்குள்ளால் சொண்டை நீட்டிக் கத்தியது. விடியற்காலையில் பசி கூடிய நேரத்தில் புதிய உணவு, பிறகு பழையது என்று ஒழுங்கு வைத்தோம். ஈரம் சொட்டும் முருங்கைக் கொப்பைக் கூட்டின் உச்சியில் கட்டினோம். விளையாட்டாகக் கடித்துப் பழகியது. வெயிலில் பழம் புளித்துவிடும் என்பதால் இரண்டு மணித்தியாலத்தில் மிச்சத்தை அள்ளிவிடுவான்.

இரண்டாம் வாரம் எடை 112க்கு இறங்கியது. பெறாமகள் தொலைபேசியில் பதறினாள். எச்சம் எப்படி என்று கேட்டேன். கடும்பச்சையும் நடுவில் வெள்ளையுமாக அளவோடு போகிறது என்றாள். அப்படியென்றால் உள்ளே உணவு போகிறது; சோற்றைக் கொஞ்சம் கூட்டி ஒரு வாரம் அசையாமல் நில்லுங்கள் என்றேன். நின்றார்கள். ஆறாம் வாரம் 120. சோறு ஒரு தேக்கரண்டியாகச் சுருங்கி, அதுவும் சிவப்புத் தவிட்டரிசியாக மாறியிருந்தது. தும்மல் நின்றுவிட்டது. மங்கிய செட்டை அடுத்த இறகுதிர்வுக்குப் பிறகுதான் மாறும். குஞ்சாக இருந்தபடியால் இது ஆறு வாரத்தில் முடிந்தது. பத்து வயதுக் கிளிக்கு ஆறு மாதமும் ஆகலாம்.

இவ்வளவு பொறுமை அவளுக்கு எங்கிருந்து வந்தது என்பதை நான் யோசித்ததுண்டு. கேட்டபோது அவளே சொன்னாள். 2009இல் செட்டிகுளம் முகாமில் முட்கம்பிக்குள் இருந்த மாதங்களில் கிடைத்தது அரிசி, மா, பருப்பு, சீனி, எண்ணெய். "வயிறு காயேல்லை சித்தப்பா. ஆனால் எனக்கு வாயோரமெல்லாம் வெடிச்சுப்போச்சு. ஒரு பிடி கீரைக்கு அந்தரப்பட்டது எனக்குத் தெரியும்." இதற்குமேல் அவளுக்கு எய்க்மனின் கோழிகளைப் பற்றி நான் விளக்க வேண்டியிருக்கவில்லை.

இதை வாசிக்கும் சிலர், உணவை விடுங்கள், கூட்டைத் திறந்து விடுங்கள் என்று எழுதுவார்கள். பொந்திலிருந்து குஞ்சு எடுப்பதை நானும் எதிர்க்கிறேன். 1937ஆம் ஆண்டின் தாவர விலங்கினப் பாதுகாப்புக் கட்டளைச் சட்டம் நாட்டின் பெரும்பாலான காட்டுப் பறவைகளைப் பிடிப்பதையும் வைத்திருப்பதையும் தடுக்கிறது. சந்தைக்காகக் குஞ்சு பிடிப்பவர்களுக்கு அது கடுமையாகப் பாயவேண்டும். ஆனால் செட்டை முளைக்குமுன் மனிதக் கையில் வளர்ந்து, பருந்தைக் கண்டு பதுங்கவும் இரை தேடவும் கற்காத ஒரு கிளியைத் திறந்துவிடுவது, பார்ப்பவருக்கு நிம்மதி தரும் ஒரு கொலை. அது நம்மோடு இருக்கும்வரை என்ன தின்கிறது என்பது நம் பொறுப்பு.

மாமியார் இன்னமும் முழுமையாக இணங்கவில்லை. பையன் பள்ளிக்கூடம் போன பிறகு ஒரு பிஸ்கற் உள்ளே போகிறதென்று எனக்குத் தகவல் உண்டு, தராசு காட்டிக்கொடுத்துவிடுகிறது. அந்த இரவல் தராசையும் கேக் ஓடர் கூடும் நாட்களில் திருப்பிக் கொடுக்கவேண்டியிருக்கிறது. விடுமுறைக்கு ஊருக்குப் போகிறவர்கள் பயணப்பெட்டியில் சொக்கிளேற்றும் பிஸ்கற் பெட்டியும் அடுக்கும்போது, கிளி உள்ள வீடென்றால், கிராம் கணக்கில் நிறுக்கும் ஒரு சிறிய தராசுக்கும் இடம் வையுங்கள்.