வேதாளத்தைப் பூட்டி வைத்தவர்கள்

நின்றுபோன கற்பனை உலகத்தைத் திரும்பக் கிளப்பினால் அதற்கு நல்லதா, கெட்டதா? புதுப்பித்தால் பாழாகிவிடும் என்கிறது ஒரு கோஷ்டி. விட்டால் செத்துவிடும் என்கிறது இன்னொன்று. அம்புலிமாமா கதையைப் பார்த்தால் ரெண்டு கோஷ்டியுமே தப்பான இடத்தில் நின்று கத்துவது தெரியும்.

1947 ஜூலையில் நாகிரெட்டியும் சக்கரபாணியும் தொடங்கிய பத்திரிகை அது. வேதாளம் சொன்ன கதை மொத்தமே 25தானே என்று மூலத்தைப் பிடித்துத் தொங்கியிருந்தால் ரெண்டே வருஷத்தில் சரக்கு தீர்ந்திருக்கும். ஆசிரியர் குழு பல வருஷம் புதுசு புதுசாகக் கதை கட்டியது. மாறாதது சட்டம் மட்டும்: விடை தெரிந்தும் ராஜா வாயைத் திறக்காவிட்டால் தலை வெடிக்கும், திறந்தால் வேதாளம் மறுபடி முருங்கை மரம். கூடவே ஓவியர் சங்கரின் அந்தப் படம். கையில் வாள், தோளில் பிணம். புதுசு சேர்த்ததால் அந்த உலகம் கெட்டா போச்சு? 1998-ல் தொழிலாளர் தகராறில் நின்று, அடுத்த வருஷக் கடைசியில் திரும்பி வந்தபோதும் வேதாளத்துக்கு ஒன்றும் ஆகவில்லை.

ஆப்பு வேறு பக்கமிருந்து வந்தது. 2007-ல் மும்பையின் ஜியோடெசிக் என்ற மென்பொருள் கம்பெனி பத்திரிகையை வாங்கியது. பளபள தாள், நவீன வடிவம் எல்லாம் வந்தன. (பழைய வாசகர்கள் திட்டியது இதைத்தான். பாவம், திட்ட வேண்டியது இதை இல்லை.) பழைய இதழ்களும் இணையதளத்தில் கிடைத்தன. அப்புறம் கம்பெனி கடன் பத்திரப் பணத்தைத் திருப்பித் தர முடியாமல் திணறியது. 2013-ல் இதழ் நின்றது, பின்னால் தளமும் காணாமல் போனது. பி.காம். படிக்கிற யாரும் சொல்வார்கள்: குட்வில் ஒரு சொத்து. ஓனர் திவாலானால் அதுவும் சேர்ந்தே முடங்கும். வேதாளமும் மேஜை நாற்காலியும் ஒரே பட்டியலில்!

டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் விளையாட்டில் டார்க் சன் என்று ஒரு பாலைவன உலகம். 1991-ல் வந்து 90களிலேயே கைவிடப்பட்டது. ஆனால் உரிமை வைத்திருந்த விசார்ட்ஸ் கம்பெனி ரசிகர்களின் தளம் ஒன்றுக்கு அதிகாரபூர்வ அனுமதி கொடுத்தது. அவர்கள் சும்மா இருந்த வருஷங்களிலும் அந்த உலகத்துக்கு விதிகள் எழுதிக்கொண்டே இருந்தார்கள். 2010-ல் புத்தகம் திரும்ப வந்தபோது ஆடத் தெரிந்த ஆள் இருந்தது.

டால்பின் நோஸ் பார்க்க வட்டக்கானல் வழியாக இறங்குகிறவர்கள் கண்ணில் படாத வேலை ஒன்று அங்கே நடந்திருக்கிறது. காட்டில் பாதியை வாட்டிலும் தைலமரமும் பிடித்துக்கொண்ட பிறகும், சிலர் சோலை மரக் கன்றுகளை நாற்றங்காலில் வைத்துக் காப்பாற்றினார்கள். கன்று கையில் இருந்தால்தானே திரும்ப நட முடியும்? அம்புலிமாமாவின் நாற்றங்கால் இன்று பழைய இதழை ஸ்கேன் செய்து வைத்திருக்கும் ரசிகர்களின் ஹார்ட் டிஸ்க்தான். அவர்களைத் திருடன் என்று சொல்லத் துணிகிறவர்கள், உரிமையாளர் எதைக் காப்பாற்றினார் என்றும் சொல்லட்டும்.

நாளைக்கே யாராவது அம்புலிமாமாவைத் திரும்பக் கொண்டுவரட்டும், தாராளமாக அனிமேஷன் கூடப் போடட்டும். அதற்கு முன்னால் 1947 ஜூலை இதழிலிருந்து எல்லாவற்றையும் ஒரு பொது நூலகத்தில் கொண்டுபோய் வைத்துவிட்டு வரட்டும்.