நான்கு சக்கரத்திலிருந்து இரு சக்கரத்திற்கு

இருபது ஆண்டுகளாகக் கார் ஓட்டிவரும் வாசகர் ஒருவர் எழுதியிருக்கிறார். அவருக்குக் கூட்டுறவுத் துறையில் பணி. புதிதாக வாய்த்திருக்கும் பொறுப்பில் வாரத்தில் நான்கு நாள் ஆற்றோரச் சிற்றூர்களுக்குச் சென்று வரவேண்டும். வாய்க்கால் கரைப் பாதைகளில் கார் நுழையாது. நுழைந்தாலும், எதிரே ஒரு டிராக்டர் வந்துவிட்டால் பின்னோக்கியே ஊர்ந்து வரவேண்டியதுதான். ஆகவே மோட்டார் சைக்கிள் ஒன்று வாங்கிப் பழக எண்ணுகிறார். இல்லத்தரசியாருக்கு இதில் உடன்பாடில்லை. நாற்பத்தேழு வயதில் இதென்ன விபரீதம் என்கிறாராம். பதினாறு வயது மகனோ எந்த வண்டி வாங்கலாம் என்று பட்டியலே எழுதி வைத்துவிட்டான். கார் ஓட்டத் தெரிந்தவனுக்கு இது எம்மாத்திரம் என்பது வாசகரின் வினா. கணவர், மனைவி இருவருக்கும் சேர்த்தே விடை எழுதுகிறோம்.

அம்மையாரின் அச்சம் ஆதாரமற்றதன்று. 2022-ஆம் ஆண்டில் நம் நாட்டுச் சாலை விபத்துகளில் மாண்டவர்கள் 1,68,491 பேர். அவர்களுள் நூற்றுக்கு 44 பேருக்கும் மேற்பட்டோர் இரு சக்கர வண்டியில் சென்றவர்கள். காரில் நம்மைச் சுற்றி இரும்புக் கூடு உண்டு, இருக்கைப் பட்டை உண்டு. மோட்டார் சைக்கிளிலோ நம் உடம்பேதான் கூடு. ஆயினும் பிழைப்புக்கு வேண்டியிருக்கும்போது வேண்டாமென்று தடுப்பதைக் காட்டிலும், முறையாகப் பழகச் செய்வதே அறிவுடைமை என்பது நம் கருத்து.

வாசகரிடம் நாம் கேட்க விரும்புவது ஒன்று: சிறுவயதில் சைக்கிள் ஓட்டியதுண்டா? உண்டென்றால், இருபதாண்டுக் கார்ப் பழக்கத்தைவிட அதுவே அவருக்குப் பெருந்துணை. காரைத் திருப்புவது சக்கரத்தைத் திருப்புவதனால். இரு சக்கர வண்டியைத் திருப்புவது அதனைச் சாய்ப்பதனால். விமானத்தை 1903-இல் பறக்கவிட்ட ரைட் சகோதரர்கள் சைக்கிள் செய்து விற்றவர்கள் என்பது பலரும் அறிந்ததே. அவர்களுள் மூத்தவரான வில்பர் ரைட் ஒரு வியப்பைக் கவனித்தார். சைக்கிளில் இடப்பக்கம் திரும்புகிறவன் முதலில் கைப்பிடியைச் சற்றே வலப்பக்கம் திருப்புகிறான். அதனால் வண்டி இடப்பக்கம் சாய்கிறது. சாய்ந்த பின்னரே திரும்புகிறது. ஆனால் தான் அவ்வாறு செய்வது அவனுக்கே தெரிவதில்லை! மோட்டார் சைக்கிளுக்கும் இதுவே விதி. ஓடும் வண்டியில் இடப்பக்கம் திரும்ப, இடக்கைப் பிடியை இலேசாக முன்னோக்கித் தள்ள வேண்டும். கார் ஓட்டி முறுகிய கை, ஆபத்து நேரத்தில் ஸ்டீயரிங்கைத் திருப்புவதுபோல் கைப்பிடியை வெட்டித் திருப்பப் பார்க்கும்; வண்டி எதிர்ப்பக்கம் சாய்ந்து, எதை விலக்க முயன்றாரோ அதன்மீதே போய் மோதும். மைதானத்தில் பலமுறை செய்து பார்த்தாலன்றி இது கைக்கு வராது.

அடுத்தது பிரேக். இதில்தான் கார் ஓட்டுநரின் அனுபவம் நேரடியாகப் பகையாகிறது. இருபதாண்டுகளாக, குறுக்கே நாய் ஓடினாலும் குழந்தை ஓடினாலும் அவருடைய வலக்கால் தானாகவே அழுத்துகிறது. இன்றைய மோட்டார் சைக்கிளிலும் வலக்காலடியில் ஒரு பிரேக் இருப்பதால், அந்தக் கால் இங்கும் அவ்வாறே அழுத்தும். ஆனால் அது பின் சக்கரத்துப் பிரேக் மட்டுமே. வேகம் குறையும்போது பாரம் முன் சக்கரத்தின்மேல் சாய்கிறது. பின் சக்கரம் இலேசாகிச் சுழலாமல் நின்று, தரையில் இழுபட்டு வழுக்குகிறது. வண்டியை நிறுத்தும் ஆற்றலின் பெரும்பகுதி வலக்கை விரல்களால் பிடிக்கும் முன் பிரேக்கில் இருக்கிறது. அதையும் வெடுக்கென்று பிடிக்கலாகாது. பழம் பிழிவதுபோல் மெல்லத் தொடங்கி இறுக்க வேண்டும். வண்டி நிமிர்ந்திருக்கும்போது பிடிக்க வேண்டும். வளைவில் சாய்ந்திருக்கும்போதும், மணல்மீது செல்லும்போதும் அழுத்திப் பிடிக்கலாகாது. 2019 ஏப்ரல் முதல் 125 சி.சி.க்கு மேற்பட்ட புதிய வண்டிகளில் சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏ.பி.எஸ். அமைப்புக் கட்டாயமாயிற்று; சிறிய வண்டிகளில் இரு பிரேக்குகளும் சேர்ந்து இயங்கும் அமைப்பாவது இருக்கவேண்டும். மைத்துனரின் பழைய வண்டியில் பழகுவதென்றால் இவற்றில் எதுவும் இராது என்பதை நினைவில் கொள்க. அது பழைய புல்லட்டாக இருந்தால் இன்னும் வேடிக்கை: அதில் கியர் வலக்காலில், பிரேக் இடக்காலில்!

கிளட்ச், கியர் முதலியவற்றைப் பற்றி விரிவாக எழுத வேண்டியதில்லை. காரில் இடக்கால் செய்த வேலையை இங்கே இடக்கை செய்யும். இடக்கை செய்த வேலையை இடக்கால் செய்யும். இரண்டு வாரத்தில் பழகிவிடும். காரில் நான்காம் கியரிலிருந்து நேரே இரண்டுக்கு வரலாம். இங்கே படிப்படியாகத்தான் இறங்கவேண்டும். நாற்சந்தியில் காரின் என்ஜின் அணைந்தால் பின்னாலிருப்பவர் ஹாரன் அடிப்பார், அவ்வளவே. மோட்டார் சைக்கிளின் என்ஜின் திடீரென அணைந்தால் வண்டியே சாயும். நூறு சி.சி. வண்டி என்றாலும் ஏறத்தாழ 110 கிலோ இருக்கும். பெரிய வண்டிகள் 190 கிலோவுக்கும் மேல். இரு பாதங்களும் தரையில் நன்றாகப் பதியும் உயரமுள்ள வண்டியாகப் பார்த்து வாங்குவது நலம். மகனுடைய பட்டியலில் இந்த அளவுகோல் இருக்காது!

காரிலிருந்து வருபவர் கையோடு கொண்டுவரும் செல்வமும் உண்டு. சாலையைப் படிக்கத் தெரிந்தவர் அவர். நிற்கும் பேருந்தின் முன்னாலிருந்து யாரேனும் குறுக்கே ஓடிவருவார் என்றும், திருப்பத்தில் லாரி அகன்று வரும் என்றும் அறிந்தவர். பதினெட்டு வயது இளைஞனுக்கு இந்த ஞானம் கிடையாது. ஆனால் அவர் அறியாத வேறொரு சாலையும் அதே சாலையின்மேல் கிடக்கிறது. அறுவடைக் காலத்தில் வண்டிகள் மிதித்துப் போகட்டுமென்று உழவர்கள் தார்ச்சாலையில் உளுந்துச் செடியையும் கேழ்வரகுக் கதிரையும் பரப்பி வைக்கிறார்கள். கார் சரசரவென்று அதன்மேல் ஏறிப்போகும். உள்ளே இருப்பவருக்கு ஓசை மட்டுமே கேட்கும். மோட்டார் சைக்கிளுக்கு அது எண்ணெய் தடவிய தரை. ஆற்றுமணல் லாரி சிந்திய மணல், முதல் மழையில் நனைந்த வெள்ளைக் கோடு, வர்ணம் பூசாத வேகத்தடை எல்லாம் அவ்வாறே. காரில் பார்வை முன்னே செல்லும் வண்டியில் இருக்கும். இங்கே தரையையும் தொலைவையும் மாறிமாறிப் பார்க்க வேண்டும். பள்ளத்தையே உற்றுப் பார்த்தால் வண்டி பள்ளத்துக்கே போகும். போக வேண்டிய இடத்தைப் பார்ப்பதே வழி.

1981-இல் தென் கலிபோர்னியாப் பல்கலைக்கழகத்தின் ஹாரி ஹர்ட் என்பவரும் அவர் குழுவினரும் ஓர் அறிக்கை வெளியிட்டனர். லாஸ் ஏஞ்சல்ஸ் வட்டாரத்தில் ஏறத்தாழ 900 மோட்டார் சைக்கிள் விபத்துகளை, நிகழ்ந்த இடத்துக்கே சென்று ஆராய்ந்து எழுதியது அது. விபத்தில் சிக்கியவர்களில் 92 விழுக்காட்டினர் முறையான பயிற்சி பெறாதவர்கள். தாமாகவோ, உறவினர் நண்பர்களிடமோ கற்றவர்கள். அவர்களில் பலர் பின் பிரேக்கை மிகையாக அழுத்தி, முன் பிரேக்கைப் போதிய அளவு பிடிக்கவில்லை. வேறொரு வண்டியோடு மோதிய விபத்துகளில் மூன்றில் இரண்டு பங்கு, அந்த வேறு வண்டியின் ஓட்டுநர் வழிவிடாமையால் நேர்ந்தவை. அவர்களில் பெரும்பாலோர் மோட்டார் சைக்கிள் பழக்கம் இல்லாதவர்கள். பின்னர் 1999, 2000 ஆண்டுகளில் ஐரோப்பிய நாடுகள் ஐந்தில் 921 விபத்துகளை ஆராய்ந்தபோதும், இரு சக்கர வண்டிக்கும் உரிமம் பெற்ற கார் ஓட்டுநர்கள் எதிரே வரும் மோட்டார் சைக்கிளைக் காணத் தவறுவது குறைவு என்று தெரிந்தது. அந்நாட்டுச் சாலைகள் வேறு, நம் சாலைகள் வேறு. ஆனால் மனிதக் கண் ஒன்றுதான். காரின் முன்கண்ணாடியை ஒட்டிய தூணுக்குப் பின்னால் ஒரு மோட்டார் சைக்கிள் முழுவதும் மறைந்துவிடும் என்பது, அவ்வாறு மறைந்து போனவருக்குத்தான் உறைக்கும். ஆகவே, அம்மா, உங்கள் கணவர் இதைப் பழகுவதால் குடும்பத்துக் காரும் முன்னைவிடக் கவனமாக ஓடும் என்று நீங்கள் எதிர்பார்க்கலாம்.

சட்டப்படி, கார் உரிமம் மோட்டார் சைக்கிளுக்குச் செல்லாது. பழகுநர் உரிமம் புதிதாகப் பெற்று, 30 நாள் கழிந்த பின்னர் தேர்வுக்குச் செல்லவேண்டும். பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். தேர்வில் நம் ஊர் வழக்கப்படி 'எட்டு'ப் போடவேண்டும். காலை ஊன்றாமல், மெதுவாக, கழுத்தைத் திருப்பிப் பார்த்துக்கொண்டு எட்டுப் போடத் தெரிந்தவர் ஓரளவு தேறியவரே. பழகும் காலத்தில் பின்னிருக்கையில் கற்றுத் தருபவரைத் தவிர வேறு எவரையும் ஏற்றக் கூடாது. மனைவியை ஏற்றி ஞாயிறன்று ஒரு சுற்றுச் சுற்றி அவர் அச்சத்தைப் போக்கலாம் என்று வாசகர் எண்ணியிருந்தால், அதைக் கைவிடுக.

உரிமம் வந்தபின் அம்மையாரும் பழகவேண்டியது சிறிது உண்டு. புடவையுடன் ஒருபுறமாக அமர்வதால் பாரம் ஒரு பக்கம் சேரும். கூடுமாயின் இரு பக்கமும் காலிட்டு அமரத்தக்க உடை நல்லது. திருப்பத்தில் வண்டி சாயும்போது எதிர்ப்பக்கம் சாயக்கூடாது. பின்சக்கரத்தில் துணி சிக்காதபடி பாதியேனும் மூடும் தடுப்பும், பிடித்துக்கொள்ளக் கைப்பிடியும் இருக்கவேண்டும் என்பது விதி; பழைய வண்டியில் அந்தத் தடுப்பைக் கழற்றி எறிந்திருப்பார்கள், பார்த்து வாங்குக. முந்தானையை இடுப்பில் செருகிக்கொள்க. தலைக்கவசம் இருவருக்கும் வேண்டும்; தாடைப் பட்டையை மாட்டாத தலைக்கவசம் விழும்போது தலைக்கு முன்னே பறந்துவிடும்.

இனி மகனைப் பற்றி. பதினாறு வயதில் அவன் ஓட்டத்தக்கது 50 சி.சி.க்கு மேற்படாத, கியர் இல்லாத வண்டி மட்டுமே. அதற்கும் உரிமம் வேண்டும். அப்பாவின் வண்டிக்குப் பதினெட்டு நிறையவேண்டும். உரிய வயது வராத பிள்ளை ஓட்டிக் குற்றம் நேர்ந்தால், 2019-ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி பெற்றோருக்கு மூன்றாண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் விதிக்கலாம். அப்பா மைதானத்தில் பழகுவதைப் பையன் ஓரத்தில் நின்று பார்த்துக்கொண்டேயிருப்பான். பாதி அங்கேயே கற்றுவிடுவான். ஆகவே வண்டிச் சாவியை மற்றச் சாவிகளோடு கூடத்து ஆணியில் மாட்டாமல், அம்மாவின் பீரோவில் வைப்பது நன்று.