இன்ஷ்யூரன்ஸ் செலவும் இல்லறத்தாரும்

2025-ம் வருஷம் செப்டம்பர் 22-ந் தேதி முதல் தனிநபர் ஆயுள், வைத்திய இன்ஷ்யூரன்ஸுகளின் மீதிருந்த சரக்கு சேவை வரி அடியோடு நீக்கப்பட்டது. அதை நாம் மனமார வரவேற்றோம். ஆனால் வீட்டுக்கும் மோட்டார் காருக்கும் செலுத்தும் பிரீமியத்தின் மீது 18 சதவிகித வரி அசையாமல் நிற்கிறது.

மூன்றாம் தரப்பாருக்கு நேரும் நஷ்டத்துக்காக இன்ஷ்யூர் செய்யாத வண்டியைப் பொது இடத்தில் ஓட்டலாகாதென்று 1988-ம் வருஷத்து மோட்டார் வாகனச் சட்டத்தின் 146-வது பிரிவு விதிக்கிறது. அது நல்ல விதியே; வீதியில் அடிபட்ட ஏழையின் குடும்பத்துக்கு வேறு கதி ஏது? ஆயினும், வாங்கியே தீரவேண்டுமென்று சர்க்கார் கட்டளையிட்டு, அப்படி வாங்குவதற்கு அதே சர்க்கார் வரியும் வசூலிப்பது நமக்கு நியாயமாகத் தோன்றவில்லை. 2022 ஜூன் முதல் தேதி அமுலுக்கு வந்த விகிதப்படி, 1,000 முதல் 1,500 சி.சி. வரையுள்ள சொந்தக் காருக்கு இப்பகுதிக்கு மட்டும் 3,416 ரூபாய். அதன் மீது வரி ஏறக்குறைய 615 ரூபாய்.

இத்தொகையில் பேரம் பேச இடமில்லை. சொந்த வண்டிக்கு ஏற்படும் சேதத்துக்கான பகுதியில்தான் இடமுண்டு. 2007 ஜனவரி முதல் அதன் விகிதத்தைக் கம்பெனிகள் தாமே நிர்ணயிக்கின்றன. ஆகையால் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசப்படும். நம்மவரோ வண்டி விற்பவர் நீட்டிய காகிதத்தில் கையெழுத்திட்டுவிட்டு வீடு வந்து சேர்கின்றனர். கத்தரிக்காய்க்கு நாலு கடை ஏறி இறங்குபவர் இதற்கு ஏன் இரண்டு கம்பெனிகளை விசாரிக்கலாகாது?

இன்னும் பெரிய நஷ்டம் ஒன்றுண்டு. நஷ்டஈடு கோராத வருஷங்களுக்காக அளிக்கப்படும் ‘நோ கிளெய்ம் போனஸ்’ 20, 25, 35, 45 என ஏறி, ஐந்தாம் வருஷத்தில் 50 சதவிகிதத்தை எட்டுகிறது. சேதப் பகுதியின் பிரீமியம் 12,000 ரூபாய் என்று கொள்வோம். 50 சதவிகிதம் பெற்றவர் 6,000 ரூபாய் செலுத்துகிறார். கதவில் விழுந்த நசுங்கலுக்காக அவர் 5,000 ரூபாய் கோரிப் பெற்றால், போனஸ் பறிபோய், மறுவருஷம் 12,000 ரூபாயும் கட்டவேண்டும். பழைய நிலைக்கு வருமுன், பிரீமியம் மாறாதிருந்தாலும், அவர் அதிகமாய்ச் செலுத்துவது மொத்தம் 15,000 ரூபாய்! சிறு சேதத்தைத் தம் கைப்பொருளில் சீர்செய்துகொள்வதே லாபம். இந்தப் போனஸ் வண்டியைச் சேர்ந்ததன்று, உடையவரைச் சேர்ந்தது. பழைய காரை விற்றுப் புதிது வாங்குபவர் அதைக் கேட்டுப் பெறவேண்டும். பாலிஸி காலாவதியான 90 நாட்களுக்குள் புதுப்பிக்காவிட்டால் அதுவும் போய்விடும்.

வீட்டின் விஷயம் வேறு. இங்கே அநேகர் இன்ஷ்யூர் செய்வதேயில்லை; செய்பவருள் சிலர் மனையின் விலையையும் சேர்த்துக் கணக்கிட்டு வீண் பிரீமியம் கட்டுகின்றனர். நிலம் தீயில் வேகுமா? 2021 ஏப்ரல் முதல் எல்லாப் பொது இன்ஷ்யூரன்ஸ் கம்பெனிகளும் விற்கவேண்டிய ‘பாரத் கிருஹ ரக்ஷா’ பாலிஸியில், கட்டடத்தை மறுபடி எழுப்பும் செலவே கணக்கு. வீட்டுச் சாமான்களுக்கும் கட்டடத் தொகையில் 20 சதவிகிதம், 10 லட்சம் ரூபாய்க்கு மேற்படாமல், தானே சேர்கிறது. வீட்டுக் கடன் கொடுத்த பாங்கி காட்டும் கம்பெனியிடமே வாங்கவேண்டுமென்ற நிர்ப்பந்தமும் கிடையாது.

சிக்கனமென்று வெள்ளப் பாதுகாப்பைக் குறைப்பதை மட்டும் நாம் ஒப்போம். 2015 டிசம்பரிலும் 2023 டிசம்பரிலும் சென்னையில் வண்டிகள் நீரில் அமிழ்ந்ததைக் கண்டோம். நீர் புகுந்த எஞ்சினை முடுக்கிக் கெடுத்துக்கொண்டால் சாதாரணப் பாலிஸியில் பொதுவாக நஷ்டஈடு கிடைப்பதில்லை. தாழ்ந்த பேட்டைகளில் வசிப்போர் எஞ்சினுக்கென்று தனியே சிறிது செலுத்துவது வீணன்று.

இவை இல்லறத்தார் செய்யக்கூடியவை. வரியைக் குறைப்பது சரக்கு சேவை வரிக் கவுன்ஸிலின் கையில் இருக்கிறது. அதில் ராஜ்யங்களின் மந்திரிகளும் அங்கத்தினர். சரக்கு வண்டிகளின் மூன்றாம் தரப்பு இன்ஷ்யூரன்ஸுக்குக் குறைந்த விகிதத்தை ஒப்புக்கொண்டவர்கள், சொந்தக் காருக்கும் மோட்டார் சைக்கிளுக்கும் அதை மறுப்பதற்குக் காரணம் கூறட்டும். சட்டசபை அங்கத்தினர்கள் இக்கேள்வியை நிதி மந்திரியிடம் அடுத்த கூட்டத்திலேயே எழுப்பவேண்டுமென்று கேட்டுக்கொள்கிறோம்.